சுழியம் என்று காட்டியது கணினி

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12, வியாழக்கிழமை. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14ஆவது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம். ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரென், மறுபக்கம் சென்னையின் 18 வயது குகேஷ். இருவரும் ஆளுக்கு 6.5 புள்ளிகள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நேர வித்தியாசம் கிடையாது. பேராக்கின் தெற்குக் கோடியிலுள்ள சிலிம் ரிவரில் ஒருவர் வேலை முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கைத்தொலைபேசியைத் திறந்தால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை நேரடியாகவே பார்க்க முடிந்தது.

அப்படிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பலகையைப் பார்க்கவில்லை என்பதுதான் இங்கே பேச வேண்டிய செய்தி. பலகைக்கு ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பட்டை இருக்கும். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. பக்கத்தில் ஓர் எண். வெள்ளைக் காய்களின் கை ஓங்கினால் வெள்ளை நிறம் மேலே ஏறும்; கறுப்பின் கை ஓங்கினால் இறங்கும். பெரும்பாலோரின் கண் அந்தப் பட்டையில்தான் இருந்தது. குதிரை எப்படிப் பாயும் என்று தெரியாதவர்கள்கூட அதைப் பார்த்து "டிரா ஆகிவிடும்" என்று சொல்லிவிடலாம். அன்று இரவு அந்த எண் நீண்ட நேரம் சுழியத்தை ஒட்டியே நின்றது. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் சுழியம்தான்.

பிறகு 55ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை நகர்த்தினார். பட்டை ஒரே நொடியில் சரிந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அதுவரை கணினி சுழியம் என்று சொன்னது பொய்யா? பொய் இல்லை என்றால், சமமாக இருந்த ஆட்டத்தில் ஒருவர் எப்படி உலகப் பட்டத்தை இழந்தார்? இதற்குப் பதில் தேட, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதன் வயது 70 ஆண்டுகளுக்கும் மேல்.

சிப்பாய்க்கு ஒன்று, ராணிக்கு ஒன்பது

1950இல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன், கணினியைச் சதுரங்கம் ஆடவைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் கணினி என்பது ஓர் அறை முழுக்க நிற்கும் இயந்திரம். அவர் சொன்ன யோசனை எளிமையானது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு விலை வை. சிப்பாய்க்கு 1, குதிரைக்கு 3, மூலைவாட்டில் ஓடும் மந்திரிக்கு 3, நேர்க்கோட்டில் ஓடும் யானைக்கு 5, ராணிக்கு 9. ராஜா போனால் ஆட்டமே போயிற்று என்பதால் அதற்கு 200. இரு தரப்பையும் கூட்டிக் கழித்தால் வருவது ஓர் எண். ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கு அரைப் புள்ளி குறை. காய்கள் நடமாட இடம் இருந்தால் ஒவ்வொரு வாய்ப்புக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டு.

இந்த விலைப்பட்டியல் ஷானன் கண்டுபிடித்தது அல்ல. சதுரங்க ஆசான்கள் பிள்ளைகளுக்குப் பல காலமாகச் சொல்லிக் கொடுத்து வந்ததுதான். அவர் செய்தது, அந்த வாய்வழி அறிவை இயந்திரத்துக்குப் புரியும் கணக்காக மாற்றியது. ஆகவே அந்த எண் பிறந்தபோதே ஒரு மதிப்பீடாகத்தான் பிறந்தது. சந்தையில் மாட்டைப் பார்த்து விலை சொல்வதைப்போல. பல் பார்க்கலாம், சுழி பார்க்கலாம். நாளைக்கு அது எவ்வளவு பால் கறக்கும் என்பது விலை சொல்லும்போது தெரியாது.

இங்கிலாந்தில் ஆலன் டியூரிங்கும் இதே காலத்தில் இதே வேலையில் இறங்கியிருந்தார். அவருடைய நிரலை ஓட்டுவதற்கு இயந்திரம் கிடைக்கவில்லை. 1952இல் அவரே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, இயந்திரம் போட வேண்டிய கணக்கை எல்லாம் கையால் போட்டு, அலிக் கிளெனி என்ற சக ஆய்வாளரோடு ஓர் ஆட்டம் ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பிடித்தது. 29 நகர்த்தலில் "இயந்திரம்" தோற்றது. அந்த முறையும் காய்களின் கணக்கைக் கவனமாகப் பார்த்தது. பார்த்தும் ராணியைப் பறிகொடுத்தது.

அடிவானத்துக்கு அப்பால்

ஏன் பறிகொடுத்தது? எண்ணிப் பார்க்கும் தூரம் போதவில்லை. இரண்டு நகர்த்தல் வரை பார்த்துவிட்டுக் கூட்டிக் கழித்தால் எல்லாம் நன்றாக இருக்கும். ஆபத்து மூன்றாவது நகர்த்தலில் நிற்கும். 1970களில் ஹான்ஸ் பெர்லினர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு "அடிவான விளைவு" என்று பெயரிட்டார். கடலில் அடிவானத்துக்கு அப்பால் வரும் கப்பல் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் கப்பல் இல்லை என்று ஆகிவிடாது.

இதை விளக்க சிலிம் ரிவர் மக்களுக்கு வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியற்காலையில் அவர்களின் ஊர்ச் சாலையிலேயே அது நடந்தது. கம்பாரிலிருந்து பின்வாங்கி வந்த பிரிட்டிஷ் தரப்பின் 11ஆவது இந்திய டிவிஷன், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பிரதான சாலையை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது. பஞ்சாபியர், ஐதராபாத் படைப்பிரிவினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். சாலையின் குறுக்கே தடைகள் போடப்பட்டிருந்தன. இருபுறமும் காடும் ரப்பர்த் தோட்டங்களும். வருகிறவன் இந்தச் சாலை வழியாகத்தான் வர வேண்டும், வந்தால் தடையில் நிற்க வேண்டும் என்பது கணக்கு. தாளில் பார்த்தால் அது தவறான கணக்கு அல்ல.

ஆனால் அந்தச் சாலை அதற்குமுன் சீரமைக்கப்பட்டு நேராக்கப்பட்டிருந்தது. பழைய சாலையின் வளைவுகள் கைவிடப்பட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே புதர் மண்டிக் கிடந்தன. மேஜர் ஷிமாடாவின் தலைமையில் வந்த ஜப்பானிய டாங்கிகள் தடையில் நின்றபோது, அந்தப் பழைய வளைவுகளைக் கண்டுகொண்டு சுற்றி வந்துவிட்டன. பிரிட்டிஷ் தரப்பிடம் அன்று அங்கே ஒரு டாங்கிகூட இல்லை. விடிந்து சில மணி நேரத்திலேயே சிலிம் ஆற்றுப் பாலம் கைமாறியது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு பக்கவழி, போட்ட கணக்கு முழுவதையும் மாற்றிவிட்டது.

போரையும் விளையாட்டையும் ஒன்றாக வைப்பது சரியில்லைதான். அன்று சாலையில் கிடந்தவர்கள் மரக்காய்கள் அல்லர். இருந்தாலும், கணினியின் எண் எதை மறைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை கிடைப்பது அரிது. எண்ணியவரை சரி, எண்ணாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை எண் சொல்லாது.

இயந்திரத்தை நம்பித் தோற்றவர்

கணினிகள் வேகம் பெற்றபோது அடிவானம் விலகிக்கொண்டே போனது. 1994இல் இலண்டனில் நடந்த ஒரு விரைவுச் சதுரங்கப் போட்டியில் "செஸ் ஜீனியஸ்" என்ற நிரல், அன்றைய உலக வெற்றியாளர் கேரி காஸ்பரோவையே வெளியேற்றியது. செய்தித்தாள்களில் அது பெரிய செய்தி. அதே போட்டியின் அரையிறுதியில் அதே நிரலைத் தோற்கடித்து அனுப்பியவர் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் என்பது பலருக்கும் நினைவில் இல்லை. அப்போது அவருக்கு வயது 24.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1997 மே மாதம், நியூயார்க்கில் காஸ்பரோவும் ஐபிஎம் நிறுவனத்தின் "டீப் புளூ" கணினியும் மோதினர். அது ஒரு நொடியில் 20 கோடி நிலைகளை எண்ணிப் பார்க்கும் என்றார்கள். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். இரண்டாவது ஆட்டத்தில் நெருக்கடி. கணினி அவசரப்படாமல், ஒரு மனிதனைப்போல நிதானமாக இறுக்கிக்கொண்டே வந்தது. 45ஆவது நகர்த்தலுக்குப் பின் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவருடைய குழுவினர் ஒரு செய்தி சொன்னார்கள். ராணியை உள்ளே இறக்கி, எதிரி ராஜாவுக்குத் தொடர்ந்து செக் கொடுத்துச் சமநிலை செய்ய வாய்ப்பு இருந்திருக்கிறது! காஸ்பரோவ் அந்த வழியை முழுமையாக எண்ணிப் பார்க்கவில்லை. இவ்வளவு நன்றாக ஆடிய இயந்திரம் அப்படி ஒரு ஓட்டையை விட்டிருக்காது என்று நம்பிவிட்டார். அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. மே 11இல் போட்டி 3.5க்கு 2.5 என்று கணினியின் பக்கம் முடிந்தது.

அன்று காஸ்பரோவின் முன்னால் எந்தப் பட்டையும் இல்லை. எந்த எண்ணும் இல்லை. ஆனாலும் அவர் மனத்தில் ஓர் எண் ஓடியிருக்கிறது. "இயந்திரம் பார்த்துவிட்டது, ஆகவே முடிந்தது" என்ற எண். இன்று ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் ஓடுவது அதுதான்.

ஆனந்த் இதில் வேறு வழியில் போனவர். கணினிச் சதுரங்கத் தரவுகள் புழக்கத்துக்கு வந்த காலத்திலேயே அவற்றோடு பழகத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1999இல் ஸ்பெயின் நாட்டின் லியோன் நகரில், ஆடுபவர் இருவரும் பக்கத்தில் ஆளுக்கொரு கணினி வைத்துக்கொண்டு ஆடலாம் என்ற புதுமையான போட்டி நடந்தது. எதிரே அனடோலி கார்ப்போவ். இருவரிடமும் கணினி உண்டு; இரண்டும் எண்ணைக் காட்டும். வென்றவர் ஆனந்த். கணினி தருகிற எண்ணை எப்போது நம்புவது, எப்போது அதனிடம் இன்னொரு கேள்வி கேட்பது என்பது ஒரு தனித் திறமை என்று அந்த மேசையில் தெரிந்தது. 2007, 2008, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் அவர் உலகப் பட்டத்தை வென்று காத்தபோதும் அவருடைய துணைவர்கள் கணினியோடு இரவு பகலாக உழைத்தார்கள். மேசையில் உட்கார்ந்தபோது மட்டும் அவர் தனியாள்.

ஒரே எண், வேறு பொருள்

இப்போது வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கவனிக்க வேண்டிய பகுதி. பல ஆண்டுகளாக அந்த எண் சிப்பாய்க் கணக்கில் இருந்தது. கூட்டல் ஒன்று என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவுக்குச் சாதகம். கழித்தல் மூன்று என்றால் கறுப்புக்கு ஒரு குதிரை அளவுக்குச் சாதகம். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்குக் கால் சிப்பாய் அளவில் சாதகம் காட்டும், முதலில் நகர்த்துவதால்.

இந்தக் கணக்கில் ஒரு பழைய ஓட்டை உண்டு. வெள்ளையிடம் ராஜாவைத் தவிர ஒரு மந்திரியும், பலகையின் ஓர வரிசையில் ஒரு சிப்பாயும் இருக்கின்றன. கறுப்பிடம் ராஜா மட்டும். கணக்குப்படி வெள்ளைக்கு 4 அதிகம். ஆனால் அந்தச் சிப்பாய் போய்ச் சேர வேண்டிய மூலைக் கட்டத்தின் நிறத்தில் மந்திரி ஓடாது என்றால், கறுப்பு ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராலும் கிளப்ப முடியாது. ஆட்டம் சமநிலை. சதுரங்க வகுப்புக்குப் போகும் பள்ளிப் பிள்ளைக்கு இது தெரியும். பழைய நிரல்கள் பல, கூட்டல் நான்கு என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தன.

2017 டிசம்பரில் நிலைமை மாறியது. கூகுளின் துணை நிறுவனமான டீப்மைண்ட், "ஆல்ஃபாஸீரோ" என்ற நிரலை அறிவித்தது. அதற்குச் சிப்பாய்க்கு 1, ராணிக்கு 9 என்று யாரும் சொல்லித் தரவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார்கள். அது தன்னோடு தானே இலட்சக்கணக்கில் ஆடி, "இப்படிப்பட்ட நிலையில் முடிவு என்ன ஆகும்" என்று கற்றுக்கொண்டது. அப்போது வலிமையானதாகக் கருதப்பட்ட "ஸ்டாக்ஃபிஷ்" நிரலோடு 100 ஆட்டம் ஆடி, 28இல் வென்றது, 72ஐச் சமன் செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. காய்களை அள்ளிக் கொடுத்துவிட்டு எதிரியை மூச்சுவிட முடியாமல் முடக்குகிற அதன் ஆட்டத்தைப் பார்த்துக் கிராண்ட்மாஸ்டர்களே வியந்தார்கள்.

ஸ்டாக்ஃபிஷ் நிரலை உருவாக்குவோரும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யு நாசு என்பவர் 2018இல் வடிவமைத்த ஒரு வகை நரம்பு வலைப்பின்னலை எடுத்து, 2020இல் தங்கள் நிரலில் சேர்த்தார்கள். காய்களை எடைபோடும் வேலையை அந்த வலைப்பின்னல் ஏற்றுக்கொண்டது. விளைவு, எண் இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் சிப்பாய் இல்லை! எனவே 2022 டிசம்பரில் வந்த 15.1ஆம் பதிப்பில் எண்ணுக்கே புதிய பொருள் வைத்தார்கள். கூட்டல் ஒன்று என்றால், அந்த நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடினால் வெள்ளை வெல்ல 100க்கு 50 வாய்ப்பு.

"தன்னோடு தானே" என்ற சொற்களைத்தான் அடிக்கோடிட வேண்டும். அந்த எண், இரண்டு மனிதர்களைப் பற்றிப் பேசவே இல்லை. களைப்படையாத, கடிகாரத்தைப் பார்த்துப் பதறாத, முந்தைய ஆட்டத்தில் விட்ட வெற்றியை நினைத்து இரவெல்லாம் புரளாத இரண்டு இயந்திரங்கள் மீதியை ஆடினால் என்ன ஆகும் என்று மட்டுமே அது சொல்கிறது. சுழியம் என்றால், இருவரும் பிழையே செய்யாவிட்டால் சமன் என்று பொருள். ஒருவர் பத்து நகர்த்தல்களுக்குக் கம்பிமேல் நடப்பதுபோல ஒரே ஒரு சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கலாம். மற்றவர் எதை ஆடினாலும் கெடுதல் இல்லை என்றிருக்கலாம். அதற்கும் சுழியம்தான். இருவரிடமும் ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால், அதற்கும் சுழியம்தான்.

இன்னும் ஒன்று. ஒரு கைத்தொலைபேசியில் சில நொடி ஓடிய எண்ணும், பெரிய கணினியில் ஒரு மணி நேரம் ஓடிய எண்ணும் ஒன்றல்ல. சில நிரல்கள் கூட்டல் என்றால் வெள்ளைக்குச் சாதகம் என்று காட்டும். சில, யார் நகர்த்த வேண்டுமோ அவருக்குச் சாதகம் என்று காட்டும். இது தெரியாமல் தலைகீழாகப் படித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களும் உண்டு.

பதில் முதலில், கேள்வி பிறகு

தொலைக்காட்சிக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1972இல் ரெய்க்யாவிக்கில் பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதியபோது, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஷெல்பி லைமன் என்ற சதுரங்க ஆசிரியர் சுவர்ப் பலகையில் காய்களை ஒட்டி ஒட்டி விளக்கினார். எந்த எண்ணும் கிடையாது. அடுத்து என்ன ஆடுவார்கள் என்று அவரும் யோசிப்பார், பார்ப்பவர்களும் யோசிப்பார்கள். நிகழ்ச்சி எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது.

1970களின் கடைசியில், தந்தையின் வேலை காரணமாகச் சிறுவன் ஆனந்த் மணிலாவில் இருந்தான். அங்கே பிற்பகலில் தொலைக்காட்சியில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி. முடிவில் ஒரு புதிர். பள்ளி நேரம் என்பதால் தாயார் சுசீலா அதைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். அந்தப் பையன் தொடர்ந்து பரிசு வாங்கியதைப் பார்த்து, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே என்று நிகழ்ச்சி நடத்தியவர்கள் சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பலமுறை சொல்லியிருக்கும் செய்தி இது. அந்தத் திரை கேள்வியைக் கொடுத்துவிட்டு விடையை ஒளித்து வைத்தது. இன்றைய திரை விடையை ஓரத்தில் ஒட்டிவிட்டுத்தான் ஆட்டத்தையே காட்டுகிறது.

அதனால் பார்ப்பவருக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. உலகின் தலைசிறந்த இருவர் நான்கு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஆடும்போது, சாய்வு நாற்காலியில் இருப்பவர் "இதுகூடத் தெரியவில்லையா?" என்கிறார். செந்தோசா ஆட்டம் முடிந்ததும் முன்னாள் உலக வெற்றியாளர் விளாடிமிர் கிராம்னிக்கே, இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனமான பிழையில் உலகப் பட்டம் முடிவானதில்லை என்ற பொருளில் கடுமையாக எழுதினார். அதே கிராம்னிக் 2006 நவம்பர் 27இல், பான் நகரில் "டீப் ஃபிரிட்ஸ்" கணினியோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், தமக்கு எந்த ஆபத்தும் இல்லாத நிலையில், நிதானமாக ராணியை நகர்த்திவிட்டு எழுந்தார். அடுத்த நகர்த்தலிலேயே அவருடைய ராஜாவுக்குச் செக்மேட். அன்று அவர் உலக வெற்றியாளர். பிழை செய்யும் உரிமை மனிதனுக்கு மட்டும் உண்டு போலும். அதை மறந்துவிடும் உரிமையும்.

பெரியவர்களின் பேச்சு போகட்டும். தமிழ்ப்பள்ளிகளிலும் தோட்டப்புறத்தை விட்டு வந்த குடும்பங்களிலும் இன்று சதுரங்கம் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை போட்டியில் தோற்றுவிட்டு வருகிறது. ஆட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்க்கிறார் தந்தை. 17ஆவது நகர்த்தலில் சிவப்புக் குறி. "இங்கே நீ தப்பு செய்தாய், பார்." பிள்ளை ஏன் அப்படி ஆடியது, என்ன நினைத்தது, எதைக் கண்டு பயந்தது என்று கேட்பதற்குமுன் தீர்ப்பு வந்துவிடுகிறது. எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் கணினி காட்டும் சரியான நகர்த்தல், அதற்குப் பின்வரும் பன்னிரண்டு நகர்த்தல்களையும் அதேபோலச் சரியாக ஆடினால்தான் சரி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது பயன்படாது. மறுமுறை அந்தப் பிள்ளை பலகையைப் பார்க்காது. தந்தையின் முகத்தைத்தான் பார்க்கும்.

இந்த இடத்தில் குகேஷின் கதை பயன்படும். அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, தம் மாணவர் தொடக்கத்தில் எஞ்சினைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்தார். மற்ற பிள்ளைகள் எல்லாம் கணினியோடு உட்கார்ந்திருந்த காலத்தில் அது துணிச்சலான முடிவு. விபரீதம் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். எந்த நிலையையும் தன் மூளையாலேயே எண்ணிப் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வர வேண்டும், அது தவறானாலும் பரவாயில்லை. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரை அவர் எஞ்சினைப் பயன்படுத்தவில்லை. பிறகு மற்றவர்களைப்போல அவரும் பயன்படுத்தினார். இன்று அது இல்லாமல் உயர்மட்டத்தில் ஆட முடியாது. ஆனால் தன் கணக்கு முதலில், கணினியின் கணக்கு பிறகு என்ற வரிசை அவருக்குள் பதிந்துவிட்டது.

மீண்டும் அந்த 14ஆவது ஆட்டம்

செந்தோசாவில் குகேஷ் ஒருமுறை அல்ல, சிலமுறை விமர்சிக்கப்பட்டார். 6ஆவது ஆட்டத்தில் அதே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடிச் சமன் செய்துகொள்ளும் வாய்ப்பு வந்தது. எண்ணைப் பார்த்தவர்கள் அவர் அதை ஏற்றுக்கொள்வார் என்று நினைத்தார்கள். அவர் மறுத்துவிட்டுத் தொடர்ந்து ஆடினார். சின்னப் பையனின் முரட்டுத்தனம் என்றார்கள். அந்த ஆட்டம் கடைசியில் சமநிலைதான் ஆயிற்று. எதிரே இருப்பவருக்கு ஒரு செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தது: இவன் எழுந்து போகமாட்டான்.

எதிரே இருந்த டிங் லிரெனைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனாவில் சதுரங்கத்தை வளர்க்க 1970களில் தூண்டுதலும் பண உதவியும் தந்தவர்களில் முக்கியமானவர் மலேசியத் தொழிலதிபர் டத்தோ டான் சின் நாம். மலேசியச் சதுரங்கச் சம்மேளனத்தை வழிநடத்திய அவர் 2018இல் காலமானார். "டிராகன் திட்டம்" என்று அழைக்கப்பட்ட அந்தக் கனவின் நெடுந்தூரத்துக் கனிகளில் ஒன்றுதான் 2023இல் டிங் வென்ற உலகப் பட்டம். ஆக, தமிழ்ப் பிள்ளை ஆடிய அந்த மேசையின் மறுபக்கத்திலும் இந்த மண்ணின் பங்கு கொஞ்சம் இருந்தது.

14ஆவது ஆட்டத்தில் டிங் வெள்ளை. அவருக்குச் சமநிலை போதும். சமன் ஆகியிருந்தால் மறுநாள் விரைவு ஆட்டங்கள்; அதில் டிங்கின் கை ஓங்கும் என்பதே பரவலான கணிப்பு. ஆகவே அவர் காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு ஆட்டத்தை எளிமையாக்கினார். கடைசியில் இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம். இத்தகைய முடிவாட்டம் முறையாகக் காத்தால் சமன் என்று சதுரங்க நூல்களும் சொல்லும், கணினியும் சொல்லிற்று.

முறையாகக் காத்தால்! அந்தக் காவல் வேலை முழுவதும் டிங்கின் தலையில்தான் இருந்தது. குகேஷ் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். டிங்கின் கடிகாரத்தில் நேரம் குறைந்துகொண்டு வந்தது. குகேஷிடம் நேரம் தாராளமாக இருந்தது. மூன்று வாரப் போட்டியின் களைப்பு வேறு. இவற்றில் எதுவும் அந்தப் பட்டையில் ஏறவில்லை.

55ஆவது நகர்த்தலில் டிங் யானைக்கு எதிரே யானையைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு ஜோடிக் காய் மாறிவிட்டால் இன்னும் எளிதாகிவிடும் என்ற எண்ணம். ஆனால் அவருடைய மந்திரி பலகையின் தூர மூலையில் ஒதுங்கி நின்றது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தம் மந்திரியை அதன் பாதையில் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தினால், தப்ப இடமில்லை. மந்திரிகளும் வெட்டுப்பட்டே தீர வேண்டும். மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். அங்கே அந்த ஒரு சிப்பாய் கூடுதலே வெற்றி.

குகேஷ் அதை உடனே கவனிக்கவில்லை. யானையை வேறு கட்டத்துக்கு விலக்கி ஆட்டத்தைத் தொடரத்தான் முதலில் நினைத்ததாக அவரே பின்னர் கூறினார். அந்த நேரத்தில் உலகம் முழுவதும் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தவர்கள் அந்த அறைக்குள் இருந்த இருவர் மட்டும். பிறகு குகேஷ் மறுபடி பலகையைப் பார்த்தார். மூலையில் நின்ற மந்திரி கண்ணில் பட்டது. ஒருகணம் முகத்தை மறைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே அந்த முகத்தில் தெரிந்த மாற்றத்தைப் பார்த்துத்தான், தாம் செய்த பிழை டிங்குக்கு உறைத்தது. மூன்று நகர்த்தல் கழித்து அவர் கையை நீட்டினார். 7.5க்கு 6.5. குகேஷ் உடனே எழவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு, பலகையில் காய்களை ஒவ்வொன்றாகத் தொடக்க இடத்தில் திருப்பி அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.